குழலுக்குப் பிடித்த தோட்டா

பெரிய விலங்கைத் தூரத்திலிருந்து வீழ்த்த எந்தக் கேலிபர் (துப்பாக்கிக் குழலின் உள்விட்ட அளவு) உகந்தது என்ற வாதம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு நம் நாட்டில் ஏறக்குறைய ஓய்ந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் தோட்டா தேர்ந்தெடுக்கும் ரசனை, புனேயின் பாலேவாடி சுடுதளம் போன்ற இடங்களில் பழகுகிறவர்களிடம் இன்னும் இருக்கிறது. 50 மீட்டர் ரைஃபிள் போட்டிக்குக் கேலிபர் ஒன்றே, .22. தேர்வெல்லாம் அதற்குள்தான். மெழுகுப் பூச்சு விரலில் பிசுபிசுக்கும் சின்ன ஈயக் குண்டு. ஒரே கம்பெனி, ஒரே பெயர் என்றாலும், தயாரித்த தொகுதி எண் மாறினால் குழலுக்குப் பிடிக்காமல் போய்விடும். ஒரே கடைப் பொன்னி அரிசி மூட்டைக்கு மூட்டை வேறாக வேகிறதல்லவா, அப்படி.

அதனால் துப்பாக்கியை இடுக்கியில் இறுக்கி, தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்ப்பார்கள். குண்டு ஒலியின் வேகத்தை எட்டாததால் காதைக் கிழிக்கும் வெடிப்பு இல்லை. சுருக்கமாக ஒரு ‘டப்’, போல்ட் பின்வாங்கும் வழுவழுப்பான உரசல், காலி உறை விழும் கிணுக். ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தாளில் ஒரே கிழிசலாகத் தெரிந்தால்தான் முகத்தில் சிரிப்பு வரும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்! பாலேவாடியில் பயின்ற ஸ்வப்னில் குசாலே, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுட்டு வெண்கலம் வென்றது இந்தச் சிறு வட்டத்தைக் குறிவைத்துத்தான். பிடித்த தொகுதி அகப்பட்டால் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கிவிடுவார்கள். தீர்ந்தால் மறுபடி இடுக்கி, மறுபடி தாள்.