சுந்தரர் தொடுத்த வழக்கு

சந்நிதியில் யாராவது வாய்விட்டு அழுதால், "சாமி முன்னால அழக்கூடாது, நல்லதையே வேண்டிக்கோ" என்று பக்கத்தில் நிற்பவர் அடக்கிவிடுவார். ஏழாம் திருமுறை பாடிய சுந்தரர் இப்படி அடங்கியவர் அல்லர்.

அவர் கதை தெரிந்ததுதான். பிரியேன் என்று திருவொற்றியூர் மகிழ மரத்தடியில், தாம் மணக்கவிருந்த சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்தார். திருவாரூர் வசந்த விழா நினைவுக்கு வந்ததும் ஊர் எல்லையைத் தாண்டினார். வாக்கை மீறியதால் இரு கண்களும் போயின. வழியில் திருவெண்பாக்கத்தில் கிடைத்தது ஓர் ஊன்றுகோல் மட்டுமே. கோபத்தில் அவர் அதை வீச, நந்தியின் கொம்பு ஒடிந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. பூண்டி நீர்த்தேக்கத்துக்காக இடம் மாறிய அந்தக் கோயிலில் கொம்பொடிந்த நந்தியை இன்றும் பார்க்கலாம். பக்தனின் ஆத்திரம் விட்ட தழும்பை மறைக்காமல் வைத்திருக்கிற மரபு இது. அதற்காகவே இதை மதிக்கிறேன்.

காஞ்சியில் இடக்கண் திரும்பியது. மற்றக் கண்ணுக்காகத் திருவாரூரில் பாடிய பதிகத்தில் கெஞ்சல் குறைவு, சண்டைதான் அதிகம். அடியார் படும் பாட்டைக் கண்டும் பேசாதிருக்கும் நீர் நன்றாக இருந்துகொள்ளும் என்று இறைவனையே ஏசுகிறார். இதன் பலம் எளிது: மனக்கசப்பை ஊரெல்லாம் தூற்றாமல், உரியவரிடமே நேரில் கொண்டுபோகிறார். உறவு முறிந்தவன் சண்டைக்கு வரமாட்டான். வந்து நிற்பவன் இன்னும் பதிலை எதிர்பார்க்கிறான். மனம் வெந்துகொண்டிருக்கையில் வாய் மட்டும் துதி பாடுவதைவிட இது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. திருவெண்பாக்கத்துப் பதிகத்தில், பிழை செய்தாலும் பொறுப்பார் என்று நம்பியதாகச் சொல்கிறார். திருவாரூருக்கு வந்ததும் குற்றம் எதுவுமே செய்யவில்லை என்கிறார்; பழியை இறைவன் மேல் போடுகிறார். வேதனை உண்மை. வாக்குமூலம் உண்மையில்லை. விவிலியத்தின் யோபுவும் கடவுளோடு வழக்காடினார். தமக்காக வாதாடிய நண்பர்களைக் கண்டித்த கடவுள், யோபு பேசியதே சரி என்றார். ஆனால் யோபு யாருக்கும் கொடுத்த வாக்கை மீறியவர் அல்லர். மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டாலே நேர்மை என்று நினைக்கிறோம். கோபத்தின் சூட்டில் நம் பங்கு கண்ணுக்குத் தெரியாமல் போவதை அந்த நினைப்பு கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொரு குறை இதைவிடப் பெரிது. வழக்கு பக்தனுக்கும் கடவுளுக்கும் நடுவே நடந்து, அங்கேயே தீர்ந்தும் விடுகிறது. திருவாரூரில் வலக்கண் கிடைத்தது. முதல் மனைவி பரவையாரின் ஊடலைத் தணிக்க இறைவனே இருமுறை தூது நடந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். சத்தியத்தை நம்பித் திருவொற்றியூரில் இருந்த சங்கிலியாரிடம் அப்படித் தூது போனவர் யாருமில்லை.