அஞ்சல்தலையும் ஆண்டுக் கணக்கும்

ஆண்டு நிறைவுகளைக் கொண்டாடும் வழக்கம் திருச்சபைக்குப் புதிதன்று. ஐம்பதாம் ஆண்டைப் புனித ஆண்டாகக் கொள்ளும் யூபிலி முறைமையை லேவியர் நூலிலேயே காண்கிறோம். ஆனால் அந்நூல் ஆண்டுகளை எண்ணுவதோடு நின்றுவிடவில்லை. அடிமைப்பட்டோர் விடுதலை பெற வேண்டும், இழந்த நிலம் உரியவரிடம் திரும்ப வேண்டும் என்றும் பணிக்கிறது. நினைவுகூர்தல் என்பது எவருக்கேனும் எதையேனும் மீட்டுத் தர வேண்டும் என்பதே அதன் உட்பொருள். நினைவுச் சின்னங்களுள் மிகச் சிறியதாகிய அஞ்சல்தலையையும் இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம் என எண்ணுகிறோம்.

நமக்கு நெருக்கமான இரண்டு அஞ்சல்தலைகளை முதலில் எடுத்துக்கொள்வோம். 1964 டிசம்பர் 2 அன்று, பம்பாயில் நடந்த அனைத்துலக நற்கருணை மாநாட்டிற்காகத் திருத்தந்தை ஆறாம் பவுல் இந்திய மண்ணில் கால் வைத்தார். அதையொட்டி நம் அஞ்சல் துறை புனித தோமையாருக்கு 15 பைசா அஞ்சல்தலை வெளியிட்டது. அதிலுள்ள உருவம் இத்தாலியின் ஒர்த்தோனா பேராலயத்துச் சிலையைத் தழுவியது. அப்போஸ்தலரின் திருப்பண்டங்கள் 1258 முதல் அந்நகரில் உள்ளன என்பதால் அந்தத் தேர்வு தவறென்று சொல்வதற்கில்லை. எனினும் இந்தியாவின் அப்போஸ்தலரை இந்தியா நினைவுகூரும்போது அவர் முகம் கடல் கடந்தே வர வேண்டியிருந்தது.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1973-ல், அவர் மறைந்த 1900-ஆம் ஆண்டு நினைவாக 20 பைசா அஞ்சல்தலை வெளிவந்தது. இம்முறை அதில் முகம் இல்லை. சென்னைப் பரங்கிமலையில் 1547-ல் கண்டெடுக்கப்பட்ட, பகலவி எழுத்துகள் சூழ்ந்த கற்சிலுவையே இடம்பெற்றது. கலையழகில் முதலாவது விஞ்சலாம். நினைவின் நேர்மையில் இரண்டாவதே விஞ்சுகிறது என்பது நம் கருத்து. முதலாவது ஒரு விருந்தினரின் வருகையைக் குறித்தது. இரண்டாவதோ, இம்மண்ணில் மண்டியிட்டவர்கள் தம் கையால் செதுக்கியதை அவர்களுக்கே திருப்பித் தந்தது.

அதே 1973-ல் மற்றுமொரு நூற்றாண்டு நினைவு அஞ்சல்தலை வெளிவந்தது. நோர்வே நாட்டின் பெர்கன் நகரில் மருத்துவர் ஹான்சன் 1873-ல் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்ததன் நினைவாக வந்த 50 பைசா அஞ்சல்தலை அது. தொழுநோய் பாவத்தின் கூலியன்று, பரம்பரைச் சாபமும் அன்று, ஒரு கிருமியால் வருவதே என்று உலகம் அறிய வழிவகுத்தவர் அவர். அப்பெருமை அவருக்கு உரியதே. ஆனால் அந்தச் சிறு சதுரத்திற்குள் அடங்காத ஒன்றும் உண்டு. 1879-ல் அவர் ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவரது ஒப்புதல் இன்றியே, நோய்ப்பொருளைச் செலுத்திச் சோதித்தார். 1880-ல் வழக்கு மன்றம் அதனைக் கண்டித்தது. மருத்துவமனைப் பதவியையும் அவர் இழந்தார். கண்டுபிடித்தவருக்கு நூற்றாண்டு உண்டு. நோயுற்றவருக்கு ஆண்டுக் கணக்கு ஏது?

இக்கேள்வி நம்மைக் கொல்லிமலைக்கு அழைத்துச் செல்கிறது. பாப்டிஸ்டு சபையைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் தம்பதியர் 1913-ல் அம்மலையில் குடியேறினர். மருந்து, பள்ளி, பட்டுப்புழு வளர்ப்பு, தச்சுத் தொழில் எனப் பல வழிகளிலும் மலைவாழ் மக்களோடு உழைத்தனர். 1914 ஜூலை 17-ல் பிறந்த அவர்களின் மகன் பால், தொழுநோயுற்ற மூவர் தம் இல்லத்தை நாடி வந்ததையும், தந்தை அவர்களின் புண்களுக்குக் கட்டுப் போட்டதையும் சிறுவனாக இருந்து கண்டதைப் பிற்காலத்தில் எழுதியுள்ளார். 1929-ல் தந்தை காய்ச்சலால் இறந்து அம்மலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மருத்துவராகி 1946-ல் வேலூர் வந்த பால் பிராண்ட், செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன கைகளைக் கண்டார். விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி உணராத கை தீயாலும் காயத்தாலும் சிதைகிறது என்று அவர் தெளிந்தார். நலமாயிருந்த தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை மீண்டும் இயங்க வைத்தார். பின்னர் அமெரிக்காவில் அவர் பணியாற்றிய கார்வில் மருத்துவமனையில், 1896 முதலே நம் பிறரன்புப் புதல்வியர் சபைச் சகோதரிகள் தொழுநோயாளருக்குத் தொண்டு செய்து வந்தனர். சபைகள் வேறாயினும் தொண்டு ஒன்றே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தாய் எவலினோ, எழுபதை நெருங்கிய வயதில் மீண்டும் கொல்லிமலை ஏறினார். மட்டக்குதிரை மீது ஊர் ஊராகச் சென்றார். ஹான்சனின் அஞ்சல்தலை கடிதங்களில் ஒட்டப்பட்ட அந்நாள்களில் அவர் இன்னும் பணியில் இருந்தார். 1974-ல், 95 வயதில் மறைந்து, கணவரின் கல்லறையருகே துயில்கொண்டார்.

அந்த அஞ்சல்தலை வெளிவந்த பின்னும் என்ன நேர்ந்தது? தொழுநோய் முற்றிலும் குணமாகக்கூடியது என்று ஐயமற நிறுவப்பட்ட பின்னரும், அது மணமுறிவுக்குரிய காரணமாக நம் சட்டங்களில் நீடித்தது. கிறிஸ்தவர்களுக்கான மணமுறிவுச் சட்டமும் அவற்றுள் ஒன்று. 2019-ல்தான் நாடாளுமன்றம் ஐந்து சட்டங்களிலிருந்து அந்தப் பிரிவை நீக்கியது. உலகில் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியரே. கிருமிக்கு நூற்றாண்டு கொண்டாடிய நாடு, நோயுற்ற மனைவிக்கும் கணவனுக்கும் இல்லற உரிமையை மீட்டுத் தர மேலும் 46 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. யூபிலியின் அளவுகோல் இங்கேதான் நம்மைச் சுடுகிறது.

அஞ்சல்தலைகளே வேண்டாம் என்பது நம் வாதமன்று. கொல்லிமலைக்கு அண்மையிலுள்ள நாமக்கல்லின் பெயரைத் தாங்கிய கவிஞர் இராமலிங்கம் பிள்ளைக்கு 1989-ல் அஞ்சல்தலை வந்தபோது அப்பகுதி மக்கள் பெருமை கொண்டது நியாயமே. ஆயினும் அதே மலை நமக்கு வேறொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. அம்மலையை ஆண்ட வல்வில் ஓரியின் பிறந்த ஆண்டும் நாளும் எவருக்கும் தெரியா. நூற்றாண்டு கணக்கிட வழியே இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் ஆடி 17, 18 நாள்களில் அங்கு அவருக்கு விழா எடுக்கப்படுகிறது. வன்பரணர் போன்ற புலவர்கள் அவரது வில்லாற்றலோடு ஈகையையும் பாடிவைத்தார்கள். பெற்றவர்களின் நன்றி அவர் பெயரைக் காத்தது.

நம் பங்குகளிலும் பள்ளிகளிலும் பொன்விழாக்களும் நூற்றாண்டு விழாக்களும் தொடர்ந்து வருகின்றன. மலர்கள் அச்சாகின்றன, ஆயர்கள், பங்குத்தந்தையர், நிர்வாகிகள் ஆகியோரின் படங்கள் வரிசையாக இடம்பெறுகின்றன. அடுத்த மலரின் குழு கூடும்போது, எத்தனை ஆண்டுகள் நிறைந்தன என்று கேட்பதோடு, இவ்விழாவால் எவருக்கு எது திரும்பக் கிடைக்கப் போகிறது என்றும் ஒருவர் எழுந்து கேட்பாராக. அவ்வினாவுக்கு விடை கிடைத்த பிறகு அட்டைப்படத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.