கூட்டாளியைத் தேடித் தரும் கணிப்பொறி

தெருவில் கபடியும் கிட்டிப்புள்ளும் ஆடி வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் 'உத்தி பிரித்தல்' உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு தலைவர்கள் ஒரு பக்கம் நிற்பார்கள். மற்றவர்கள் ஏறத்தாழ ஒரே திறமை உள்ளவர்களாக இருவர் இருவராகச் சேர்ந்து, சற்றுத் தள்ளிப் போய், தமக்குள் இரகசியமாகப் பெயர் சூட்டிக் கொள்வார்கள். பிறகு தோள்மேல் கை போட்டுக்கொண்டு வந்து, "சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா?" என்று கேட்பார்கள். தலைவர் ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயருக்கு உரியவர் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம்.

இதில் உள்ள கணக்கைக் கவனியுங்கள். சமமானவர்கள் இணை சேர்வதால் இரு அணிகளின் பலமும் சமமாகிறது. பெயர் மறைவாக இருப்பதால் தலைவர் வேண்டியவரைப் பொறுக்க முடியாது. இணை பொருத்துதல், குலுக்கல் என்று புள்ளியியல் நூல்கள் கூறும் இரண்டு முறைகளும் இதில் அடங்கியிருக்கின்றன.

இன்று இந்த வேலையைக் கணிப்பொறி செய்கிறது. வானகரத்தில் மாலை வேளையில் தேநீர்க் கடை ஓரமாக நான்கு இளைஞர்கள் செல்பேசியும் கையுமாக அமர்ந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. 2021 ஜூலையில் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா வந்தது. ஓர் ஆட்டத்தில் நூறு பேர் வரை; நால்வர் கொண்ட அணிகள். உங்களுடன் ஆட மூன்று நண்பர்கள் இல்லையென்றால், எங்கோ இருக்கும் மூவரைக் கணிப்பொறியே சில விநாடிகளில் கொண்டுவந்து சேர்த்துவிடும். இந்த ஏற்பாடு எந்த அளவுக்குச் செம்மையானது? அதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திறமைக்கு ஓர் எண்

ஆளைச் சேர்ப்பதற்கு முன் அவர் திறமையை அளக்க வேண்டும். இதற்கு வழி காட்டியவர் ஓர் இயற்பியல் ஆசிரியர் என்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு. ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்த அர்பாட் ஈலோ என்பவரே அவர். அவர் வகுத்த முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-லும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-லும் ஏற்றன. நம் விசுவநாதன் ஆனந்தும் குகேஷும் பெற்றுள்ள தரப்புள்ளிகள் இந்த முறையில் வந்தவையே.

இதன் சாரம் எளிது. இருவருடைய புள்ளிகளின் வேறுபாடு வெற்றி வாய்ப்பைச் சொல்லும். வேறுபாடு சுழியானால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. 200 ஆனால் வலியவருக்கு நூற்றுக்கு 76. 400 ஆனால் நூற்றுக்கு 91. ஆட்டம் முடிந்ததும், எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஏற்பப் புள்ளிகள் கூடும் அல்லது குறையும்.

சதுரங்கத்தில் தனி ஒருவர் ஆடுகிறார். தோற்றால் பொறுப்பு அவருடையது. நால்வர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் தோல்வி யாருடையது? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

சராசரியின் மயக்கம்

ஓர் அணியில் நால்வருக்கும் 1500 புள்ளிகள் என்று கொள்வோம். மற்றோர் அணியில் ஒருவருக்கு 2400, மூவருக்குத் தலா 1200. கூட்டிப் பாருங்கள், இரண்டும் 6000. சராசரியும் ஒன்றே. ஆனால் இவை சமமான அணிகளா? இரண்டாம் அணியில் ஒருவர் ஆட, மூவர் வேடிக்கை பார்ப்பார்கள். சராசரியை மட்டும் பார்த்து, பரவலைப் பார்க்காத எந்தக் கருவியும் இந்தக் குழியில் விழும்.

மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் உருவாகி, 2005-இல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் 360 கருவியில் பயன்பட்ட 'ட்ரூஸ்கில்' முறை ஒரு படி முன்னே சென்றது. அது ஒருவருக்கு இரண்டு எண்களைத் தருகிறது. ஒன்று அவர் திறமையின் மதிப்பீடு. மற்றது அந்த மதிப்பீட்டில் உள்ள ஐயத்தின் அளவு. ஆய்வுக்கூடத்தில் அளவீட்டுடன் பிழையையும் சேர்த்து எழுதும்படி மாணவர்களை நாங்கள் வற்புறுத்துகிறோம் அல்லவா? அதே நேர்மைதான் இது. இம்முறையை வகுத்தவர்களே ஒரு கணக்கும் தந்தார்கள். இருவர் நேருக்கு நேர் ஆடினால் ஒருவர் திறமையை அறிய ஏறத்தாழ 12 ஆட்டங்கள் வேண்டும். நால்வர் கொண்ட இரண்டு அணிகள் மோதினால் 46 ஆட்டங்கள். எண்மர் கொண்ட இரண்டு அணிகளானால் 91. கூட்டம் பெருகப் பெருக, வெற்றி தோல்வி என்ற ஒற்றைச் செய்தியிலிருந்து தனி ஒருவரைப் பற்றி அறிவது கடினமாகிறது.

"சார், எனக்கு வேண்டுமென்றே மோசமான கூட்டாளிகளைக் கொடுக்கிறார்கள். தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றேன்" என்று என் மாணவன் ஒருவன் முறையிட்டான். அவனுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். கருவி மிகச் செம்மையாக இருந்து, ஒவ்வோர் ஆட்டத்திலும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் பத்து ஆட்டம் ஆடுபவருக்கு, அன்று தொடர்ந்து ஐந்து தோல்விகள் வர நிகழ்தகவு நூற்றுக்குப் பதினொன்று. அதாவது ஏறத்தாழ ஒன்பது நாளுக்கு ஒரு நாள், யாருடைய சூழ்ச்சியும் இல்லாமலே, இப்படி நேரும்.

ஆயினும் ஐயம் முழுவதும் வீண் என்று சொல்லிவிட முடியாது. ஆட்டக்காரரைப் பொருள் வாங்கத் தூண்டும் வகையில் ஆட்களை இணைக்கும் முறை ஒன்றுக்கு ஆக்டிவிஷன் நிறுவனம் 2017-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. அதை எந்த ஆட்டத்திலும் பயன்படுத்தவில்லை என்று அந்நிறுவனம் கூறியது. இருக்கட்டும். உத்தி பிரிப்பது எல்லோர் கண்முன்னும் நடந்தது. இங்கோ விதிகள் பெட்டிக்குள் பூட்டப்பட்டிருக்கின்றன. என் முதல் குறை இதுவே.

விரைவா, பொருத்தமா?

வானகரத்திலிருந்து அம்பத்தூர் செல்லும் ஷேர் ஆட்டோவைப் பாருங்கள். ஆள் நிறையும்வரை நின்றால் ஏறியவர் முணுமுணுப்பார். உடனே புறப்பட்டால் ஓட்டுநருக்கு நட்டம். கணிப்பொறிக்கும் இதே இக்கட்டு. சரியான ஆளுக்குக் காத்திருந்தால் நேரம் ஆகும். கிடைத்தவரைச் சேர்த்தால் பொருத்தம் கெடும். தொலைவிலும் ஆள் தேடலாம் என்றால் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்க 2002-இல் இடப்பட்ட கடலடிக் கம்பியின் நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லி விநாடி. எந்த நிறுவனமும் அந்தக் கம்பியில் இதைக் குறைக்க முடியாது.

விரைவுக்கு வேறொரு விலையும் உண்டு. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆட்டத்தில் முன்பு ஆட்கள் ஒருவரை ஒருவர் கேட்டு அணி சேர்ந்தார்கள். 2009 டிசம்பரில் வந்த கருவி, அடி தாங்குபவர் ஒருவர், காயம் ஆற்றுபவர் ஒருவர், தாக்குபவர் மூவர் என்று ஐவரைத் தானே பொறுக்கிச் சேர்த்தது. வேலை பிரித்துச் சேர்த்தது நல்ல யோசனைதான். ஆனால் வெவ்வேறு கணிப்பொறிகளிலிருந்து வந்த அந்த ஐவர் மறுநாள் சந்திப்பது அரிது. ராபர்ட் ஆக்சல்ராடு 1984-இல் வெளியிட்ட நூலில், மீண்டும் சந்திப்போம் என்ற எண்ணமே ஒத்துழைப்புக்கு வேர் என்று காட்டினார். தெருவில் ஏமாற்றியவன் நாளைக்கும் அதே தெருவுக்குத்தான் வர வேண்டும். இங்கே அந்த 'நாளை' இல்லை. ஆகவே வசைக்குக் கூச்சமும் இல்லை.

முறையிட்டான் என்றேனே, அந்த மாணவன் ஒலிவாங்கியை மூடிவைத்தே ஆடுகிறான். காரணம் கேட்டேன். கூட்டாளிகள் இந்தியில் பேசுகிறார்களாம். இவன் தட்டுத் தடுமாறிப் பதில் சொன்னபோது சிரித்தார்களாம். அவன் புள்ளிகளை அளந்த கருவி, அவன் ஊமையாக ஆடுகிறான் என்பதை அளக்கவில்லை. 2019-இல் வந்த 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' ஆட்டம் இதற்கு ஓர் அழகான தீர்வு கண்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் "எதிரி இங்கே", "அங்கே போவோம்" என்ற செய்தி கூட்டாளிகளுக்குக் குறியாகச் சேரும். பேசாமலே பேசலாம். பாராட்ட வேண்டிய கண்டுபிடிப்பு.

"பிடிக்காதவரை ஒதுக்க வசதி இருந்தால் போதுமே" என்று நீங்கள் கேட்கலாம். 'ஓவர்வாட்ச்' ஆட்டத்தில் 2016-இல் அந்த வசதி இருந்தது. விளைவு என்ன? மிகத் திறமையான ஓர் ஆட்டக்காரரைப் பலரும், அவர் எதிரணியில் வரக்கூடாது என்பதற்காகவே ஒதுக்கினார்கள். அவருக்கு ஆட்டமே கிடைக்கவில்லை. வசதி நீக்கப்பட்டது. பின்னர் 2018-இல், நன்றாக நடந்துகொண்டவரைப் பாராட்டிக் குறிக்கவும், தேவையைச் சொல்லித் தாமே அணி திரட்டவும் வழி செய்தார்கள். சரியான திசை அதுவே.

ஆகவே என் முடிவு இது. திறமையை அளப்பதில் இக்கருவிகள் வியக்கத்தக்கவை. தோழமையை வளர்ப்பதில் அவை இன்னும் பால பாடத்தைத் தாண்டவில்லை. மொழியைக் கேட்கட்டும், ஒத்துப்போனவர்களை மீண்டும் சேர்த்து வைக்கட்டும், விதிகளை வெளியிடட்டும். மாணவ நண்பர்களே, அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை கணிப்பொறி தரும் மூவருக்காகக் காத்திருப்பதற்கு முன், உங்கள் தெருவில் மூவர் இருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள். என் மாணவனுக்கும் அதையே சொன்னேன். இப்போது அவன் வகுப்புத் தோழர்கள் மூவருடன் தமிழில் பேசி ஆடுகிறான். தோற்கத்தான் செய்கிறான், ஆனால் ஒலிவாங்கி திறந்திருக்கிறது.