கற்றுத்தர வேண்டியதை முன்கூட்டியே கேட்கும் விண்ணப்பம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சமயவியல் முனைவர் பட்டத்துக்குத் துறை நடத்தும் நுழைவுத் தேர்வு கிடையாது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரத்துக்குள் ஒரு விண்ணப்பக் கட்டு போய்ச் சேர வேண்டும். மதிப்பெண் பட்டியல், இரண்டு மூன்று பக்கத்தில் ஒரு நோக்க அறிக்கை, பதினைந்து இருபது பக்கத்தில் ஓர் எழுத்து மாதிரி, மூன்று ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவை அதில் இருக்கும். ஜிஆர்இ என்ற பொதுத் தேர்வின் மதிப்பெண்ணையும் கொரோனாவுக்குப் பிறகு பல துறைகள் கேட்பதில்லை. துறையின் ஆசிரியர்களே உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்து, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ் வாசகர்களுக்கு இதில் அக்கறை இருக்கக் காரணம் உண்டு. மணிமேகலையையும் வீரசோழியத்தையும் பௌத்தச் சமூக வரலாறாக வாசித்த ஆன் மோனியஸின் 2001ஆம் ஆண்டு நூல், திவ்வியப் பிரபந்தம் குறித்த வசுதா நாராயணனின் ஆய்வு, வள்ளலாரைப் பற்றி 2022இல் வெளிவந்த ஸ்ரீலதா ராமனின் நூல் எல்லாம் இந்தக் கல்வித்துறையின் விளைச்சல்கள். நம் சமய மரபுகளைப் பற்றி உலகம் என்ன படிக்கும் என்பதை ஓரளவுக்கு இந்தச் சேர்க்கைக் குழுக்கள் தீர்மானிக்கின்றன. மாணவரின் சிந்தனையை நேராகப் பார்க்கிற நல்ல முறை இது. ஆனால், படிப்பு கற்றுத்தர வேண்டிய முக்கியமான ஒன்றை, சேரும் முன்பே கையில் வைத்திருக்கும்படி அது கேட்கிறது. அதன் மற்ற குறைகளில் பலவும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

பலத்தை முதலில் சொல்ல வேண்டும். இந்தியாவில் சமயங்களின் ஒப்பியல் ஆய்வு யுஜிசி நெட் தேர்வில் ஒரு பாடமாக இருக்கிறது. மூன்று மணி நேரம், 150 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். 2024இலிருந்து அந்த மதிப்பெண்ணை முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் கொள்ளலாம் என்றாகிவிட்டது. உதவித்தொகைக்கு வராத பிரிவினருக்குத் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் எடை. சரணாகதி என்றால் என்ன என்று இப்படிப்பட்ட தேர்வு கேட்கலாம். ஆனால், ராமானுஜரைப் பின்பற்றியவர்கள் தென்கலை, வடகலை என்று பிரிந்ததில் தத்துவத்துக்கு எவ்வளவு பங்கு, கோயில் உரிமைக்கு எவ்வளவு பங்கு என்பதை ஒருவர் எப்படி யோசிப்பார் என்று நான்கு விடைகளுக்குள் கண்டுபிடிக்க முடியாது. சமயவியலில் கேள்வியை ஒழுங்காக அமைப்பதே பாதி வேலை. இருபது பக்க எழுத்து மாதிரியில் அது தெரிந்துவிடும். சான்றை எப்படிக் கையாளுகிறார், தன் வாதத்துக்கு எதிரான பாடலைக் கண்டால் ஒளித்துவைக்கிறாரா எதிர்கொள்கிறாரா, உரையாசிரியர் சொன்னதையும் மூலம் சொல்வதையும் பிரித்துப் பார்க்கிறாரா என்பதெல்லாம் அங்கே வெளிப்பட்டே தீரும். இந்த ஓர் அம்சத்துக்காகவே இந்த முறையை நெட் பாணித் தேர்வுக்கு மேலாக வைப்பேன்.

மொழிகளைப் பற்றி இந்த முறை வைக்கும் நிபந்தனையும் நியாயமானதே. ஆய்வுக்கான மூல மொழியில் ஓரளவு பயிற்சியோடு வர வேண்டும். ஆய்வுலகின் மொழிகள் இரண்டில், பெரும்பாலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும், சேர்ந்த பிறகு வாசிப்புத் தேர்வு எழுத வேண்டும் என்பது பழைய வழக்கம். தமிழ் தாய்மொழியாக இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று நம் மாணவர்களுக்குத் தோன்றும். ஆனால், நாளிதழ் வாசிக்கும் தமிழ் திருவாய்மொழிக்கு எழுந்த ஈடு என்ற உரைக்குப் போதாது. அதன் மணிப்பிரவாள நடை தமிழையும் சமஸ்கிருதத்தையும் சேர்த்தே கேட்கும். தேவாரத்தின் செம்பதிப்பு டி.வி. கோபாலய்யர், பிரான்சுவா குரோ ஆகியோரின் உழைப்பில் புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனத்திலிருந்து வந்தது. ஷோமெருஸ் 1912இல் சைவ சித்தாந்தம் பற்றி எழுதிய பெருநூல் ஜெர்மன் மொழியில் இருக்கிறது. தரங்கம்பாடி மிஷனின் பதினெட்டாம் நூற்றாண்டு ஆவணங்கள் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் கிடக்கின்றன. தரங்கம்பாடியை ஆராய்பவருக்கு ஜெர்மன் கட்டாயம் வேண்டும். இன்றைய மாரியம்மன் திருவிழாவை ஆராய்பவருக்கு அதைவிடத் தெலுங்கோ கன்னடமோ உதவும். எல்லாருக்கும் அதே இரண்டு ஐரோப்பிய மொழிகள் என்ற பழைய சட்டம் தளர்ந்துவருவது நல்லதே. ஆனாலும் மொழி விஷயத்தில் துறைகள் ஒரு நேர்மையைக் கடைப்பிடிக்கின்றன. என்ன தெரிந்திருக்க வேண்டும், எதைச் சேர்ந்த பிறகு கற்கலாம் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன.

நோக்க அறிக்கையில் அந்த வெளிப்படைத்தன்மை இல்லை. இரண்டு தொடக்கங்களை எடுத்துக்கொள்வோம். ‘சைவக் குடும்பத்தில் பிறந்து தினமும் தேவாரம் ஓதி வளர்ந்த எனக்குத் திருமுறைகளின் ஆழத்தை உலகுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று ஆசை’ என்பது ஒன்று. ‘கோயிலில் ஓதுவார் பாடும் பதிகமும் இசை மேடையில் பாடப்படும் பதிகமும் ஒன்றே, கேட்பவர் அதை எங்கே வழிபாடாகக் கொள்கிறார், எங்கே கச்சேரியாகக் கொள்கிறார், அதைத் தீர்மானிப்பவர் யார்?’ என்பது மற்றொன்று. குழு இரண்டாவதைத்தான் விரும்பும். விரும்புவதில் தவறும் இல்லை. அதில் ஆராயத்தக்க கேள்வி இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே மாணவர் எழுதியிருக்க முடியும் என்பதைக் குழு மறந்துவிடக் கூடாது. முதல் தொடக்கத்தை எழுதியவருக்கு நூற்றுக்கணக்கான பதிகங்கள் பண்ணோடு மனப்பாடமாக இருக்கலாம். எந்தப் பதிகம் எந்தச் சடங்கில், எந்த நேரத்தில், யார் வீட்டில் பாடப்படும் என்பது தெரிந்திருக்கலாம். இரண்டாவது தொடக்கத்துக்கு வந்துசேர அவருக்குத் தேவைப்படுவது துறையை அறிந்த ஒருவரோடு ஒரு மாலை நேர உரையாடல். அந்த உரையாடல் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் இடையே இருக்கிற வித்தியாசத்தை அறிவின் வித்தியாசமாகக் குழு எடுத்துக்கொள்கிறது. இந்த முறையின் பெரிய பிழை இது என்பேன்.

தன் சமயத்திலிருந்து ஓரடி விலகி நின்று அதைப் பார்க்கும் பயிற்சியை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஷெம்ப் வழக்கில், அரசுப் பள்ளிகளில் பக்திச் சடங்காக பைபிள் வாசிப்பதைத் தடைசெய்தது. சமயத்தைப் பாடப்பொருளாக, பற்றின்றிக் கற்பிப்பதற்குத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதன் பிறகே அரசுப் பல்கலைக்கழகங்களில் சமயவியல் துறைகள் பெருகின. சமயத்தைப் போதிப்பது வேறு, சமயத்தைப் பற்றிக் கற்பிப்பது வேறு என்ற கோடு அந்தத் துறைகளின் சட்ட அடித்தளம். இது நம்பிக்கையாளர்களை ஒதுக்கும் மேற்கத்தியச் சூழ்ச்சி என்று இங்கே சிலர் சொல்வதுண்டு. அதை ஏற்க முடியவில்லை. நம்மாழ்வாரைப் பற்றி ஆழ்ந்து எழுதிய பிரான்சிஸ் குளூனி ஒரு யேசு சபைத் துறவி. சிகாகோவில் முனைவர் பட்டம் பெற்று ஹார்வர்டில் பேராசிரியரானவர். நம்பிக்கை யாரையும் தடுப்பதில்லை, முறைதான் கேட்கப்படுகிறது. அந்த முறை நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அல்ல. வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்டுக்கொள்ளும் மணிமேகலையைப் பற்றி ஒரு முழுக் காதையே இருக்கிறது. அவள் பௌத்தத்தை நோக்கிப் போகிறவள், காவியமும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆனாலும் பிறர் சொல்வதை முதலில் முழுதாகக் கேட்க வேண்டும் என்ற ஒழுங்கு அங்கே இருக்கிறது. ஆக, விலகி நின்று பார்ப்பது நல்ல பயிற்சி, கற்கக்கூடிய பயிற்சி. கற்கக்கூடியது என்பதாலேயே அதை நுழைவு நிபந்தனையாக வைப்பது கேள்விக்குரியதாகிறது.

அதைக் கற்கத்தான் முதுநிலைப் படிப்பு இருக்கிறதே என்பார்கள். ஹார்வர்ட் இறையியல் பள்ளியில் இரண்டாண்டு எம்டிஎஸ், சிகாகோ இறையியல் பள்ளியில் எம்ஏ போன்றவை இந்த இடைவெளியை நிரப்பத்தான் செய்கின்றன. ஆனால் முனைவர் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தைத் தள்ளி, உதவித்தொகையும் தருவது பெரிய துறைகளின் வழக்கம். முதுநிலை மாணவர் ஒரு பகுதிச் சலுகை பெற்றாலும் மிச்சத்தையும் வாழ்க்கைச் செலவையும் தானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். விண்ணப்பக் கட்டணமே பெரும்பாலும் 75 முதல் 100 டாலர். எட்டு இடங்களுக்குப் போட்டால் அரை லட்சம் ரூபாய் ஆகிவிடும். கட்டண விலக்கைப் பல இடங்களில் அந்நாட்டவருக்கும் நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் மட்டுமே தருகிறார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த இறையியல் பள்ளிகள் புராட்டஸ்டன்ட் போதகர்களை உருவாக்கப் பிறந்தவை. ஹார்வர்டின் பள்ளி 1816இல் தொடங்கியது. போதகர் படிப்புக்காக மூன்றாண்டு கிரேக்கமும் எபிரேயமும் விவிலிய விமர்சன முறையும் படித்த ஒருவர் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தால், அவருடைய சமயக் கல்வி ஆய்வுத் தகுதியாக மதிக்கப்படுகிறது. தேவாரப் பாடசாலையிலோ மதரஸாவிலோ வேத பாடசாலையிலோ பெற்ற கல்வி விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எழுதப்பட வேண்டும் என்பதே தெளிவாக இல்லை. இரண்டுமே நம்பிக்கை சார்ந்த கல்விதான். ஒன்று பட்டமாக வருகிறது, மற்றொன்று வாழ்க்கைக் குறிப்பாக நின்றுவிடுகிறது.

துறைகள் இதற்குச் சொல்லும் மறுமொழி வலுவானது, அதைத் தட்டிவிட முடியாது. ஓர் ஆண்டில் நான்கைந்து இடங்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு ஆண்டு உதவித்தொகை. முடித்த பிறகு ஆசிரியர் வேலை கிடைப்பதும் அரிது. 2021ஆம் ஆண்டுச் சேர்க்கையையே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கலை அறிவியல் பள்ளி உட்பட பல இடங்களில் நிறுத்திவைத்தார்கள். இந்த நெருக்கடியில், கேள்வியை அமைக்கத் தெரியாத ஒருவரை எடுத்துத் தோற்கவிடுவது அவருக்கே செய்யும் அநியாயம் ஆகாதா? ஆகும், அவர் தோற்பார் என்பது நிச்சயமானால். கேள்வி அமைக்கும் பழக்கம் முதலிரண்டு ஆண்டு வகுப்புகளிலேயே வந்துவிடக்கூடியது. அந்த வகுப்புகள் இருப்பதே அதற்காகத்தான். மூல நூலோடு பல ஆண்டு வாழ்ந்த பழக்கத்தை இரண்டு ஆண்டில் யாரும் ஊட்டிவிட முடியாது. எளிதில் வருவதைக் கறாராகக் கேட்டு, அரிதில் வருவதற்கு மதிப்புக் குறைப்பது பணத்தைக் காப்பாற்றும் வழியாகவும் தெரியவில்லை.

பரிந்துரைக் கடிதங்களிலும் இதே கோளாறுதான். படிவம் ஆசிரியரிடம், இந்த மாணவர் உங்கள் அனுபவத்தில் முதல் 5 சதவீதத்தில் வருவாரா, 10 சதவீதத்தில் வருவாரா என்று கேட்கும். பின்பு, அவர் ஆய்வைக் குறித்து நுணுக்கமாக எழுதச் சொல்லும். நம் கல்லூரிகளில் பரிந்துரை என்பது நன்னடத்தைச் சான்றிதழின் நீட்சி. ஒழுக்கமானவர், பணிவானவர், நேரம் தவறாதவர் என்று ஒரு பத்தி எழுதி முத்திரை குத்திக் கொடுப்பதை அன்போடுதான் செய்கிறார்கள். அங்கே வாசிப்பவருக்கு அது, சொல்ல வேறெதுவும் இல்லை என்று கைவிரித்ததாகப் படும். சேர்ந்த பிறகு தன் கோப்பைப் பார்க்க மாணவருக்கு 1974ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தந்தாலும், அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக விண்ணப்பத்திலேயே டிக் செய்துவிடுவதுதான் நடைமுறை. எது தன்னைக் கவிழ்த்தது என்று மாணவருக்குத் தெரியவே வராது. ‘பொருத்தம்’ என்ற அளவுகோல் இதைவிட மங்கலானது. தமிழ்ச் சமய வரலாறு கற்பிப்பவர் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒருவர் இருந்தாலே பெரிது. அவர் ஓய்வு பெறப்போகிறார் அல்லது விடுப்பில் இருக்கிறார் என்றால், எவ்வளவு நல்ல விண்ணப்பமும் பொருந்தாமல் போகும். இந்த ஆண்டு மாணவர்களை எடுக்கும் ஆசிரியர்கள் யார் என்று இணையதளத்தில் ஒரு வரி போட்டால் பலருக்குக் கட்டணமும் ஓராண்டும் மிஞ்சும். சில துறைகள் போடுகின்றன. மற்றவை போடாமலிருக்க எந்த நியாயமும் இல்லை.

நோக்க அறிக்கையை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதன் எடையைக் குறைத்து, எழுத்து மாதிரிக்கு ஏற்றலாம். தான் நன்கறிந்த ஒரு பாடலையோ சடங்கையோ ஆவணத்தையோ எடுத்து நான்கு பக்கம் விளக்கு, அதில் உனக்குப் புரியாதது எது என்றும் சொல் என்று கேட்டால், முதல் தொடக்கத்தை எழுதிய மாணவரின் கையிருப்பு வெளியே வரும். அலங்காரமான கேள்வியை மட்டும் வைத்திருப்பவருக்கு அது கடினமான பயிற்சியாக இருக்கும். விண்ணப்பம் படிப்பதற்கு நேரம் கூடும் என்று ஆசிரியர்கள் முணுமுணுக்கலாம். ஐந்தாறு ஆண்டு ஒருவரோடு வேலை செய்யப்போகிறவர்கள் நான்கு பக்கம் கூடுதலாக வாசிப்பது பெரிய சுமை அல்ல.

இந்தப் பக்கத்திலும் வேலை இருக்கிறது. அமெரிக்கக் குழுக்களைக் குறைசொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஒரு சமயத்துக்கு இன்றியமையாத வழக்கம் எது என்று 1954இன் சிரூர் மடம் வழக்கிலிருந்து நம் நீதிமன்றங்கள் தீர்ப்புச் சொல்லிவருகின்றன. அந்த வழக்கே சென்னை மாநிலத்தின் அறநிலையச் சட்டத்தை எதிர்த்து எழுந்தது. அர்ச்சகர் நியமனம் குறித்த வழக்குகளிலும் அப்படியே. இவ்வளவு கனமான கேள்விகள் பொதுவெளியில் இருக்கும்போது, சமயங்களை ஒன்றோடொன்று வைத்துப் படிக்கும் இளங்கலை வகுப்பு தமிழ்நாட்டு மாணவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவவியல், சமணவியல் என்று தனித்தனித் துறைகளும் இஸ்லாமிய ஆய்வுக்கு ஒரு மையமும் இருக்கின்றன. வேறெங்கும் எளிதில் அமையாத அண்டை வீடுகள் இவை. சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் அருணந்தி சிவாசாரியார் சமணரையும் பௌத்தரையும் ஆசீவகரையும் வரிசையாக மறுக்கிறார். நீலகேசி சமணர் தரப்பிலிருந்து பௌத்தரையும் ஆசீவகரையும் வேதவாதியரையும் மறுக்கிறது. சைவ சித்தாந்தத் துறை மாணவரும் சமணவியல் மாணவரும் ஒரு பருவம் சேர்ந்து உட்கார்ந்து, அருணந்தி காட்டும் சமணர் நீலகேசியின் சமணர்தானா, இருவரும் காட்டும் ஆசீவகர் ஒரே ஆசீவகரா என்று ஒப்பிட்டு ஆளுக்கு இருபது பக்கம் எழுதினால், எந்தச் சேர்க்கைக் குழுவும் கீழே வைக்க முடியாத எழுத்து மாதிரிகள் கிடைக்கும். அதை வழிநடத்திய ஆசிரியரும், பணிவையும் ஒழுக்கத்தையும் விட்டுவிட்டு, அந்த மாணவர் எந்தப் பாடலில் எப்படி வாதிட்டார் என்று பரிந்துரைக் கடிதத்தில் எழுதலாம்.