அசோகரின் கீழே ஒரு சோழநாடு

‘சிவிலைசேஷன் 7’ஐ முதன்முறை விளையாடியபோது நான் அசோகர். நாடு மௌரியம். இரவு ஒரு மணி இருக்கும், தொல்காலம் முடிந்து அடுத்த காலம் தொடங்கும் திரை வந்தது. இனி எந்த நாகரிகம் என்று கேட்டது. பட்டியலில் சோழர் இருந்தார்கள். யோசிக்கவே இல்லை, அழுத்திவிட்டேன். அசோகர் அப்படியே இருக்க, அவருக்குக் கீழே சோழநாடு எழுந்தது. கடலில் கலங்கள், கரையில் மணிக்கிராமமும் அஞ்சுவண்ணமும். தூக்கம் போனதைப் பற்றிக் கவலையில்லை.

மறுநாள் இரவு அந்தக் காலமும் முடிந்தது. திரை மறுபடி கேட்டது. சோழரிலிருந்து இயல்பாகத் திறக்கும் வழி முகலாயர். தலைநகரைத் தவிர மற்ற நகரங்கள் சிற்றூர்களாகச் சுருங்கின, கலங்களில் பல காணாமல் போயின, கொடி மாறியது. “என்னடா இது, நான் தோற்கவே இல்லையே!” என்று வாய்விட்டே சொன்னேன்.

இந்தத் தொடரின் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்பது சரியாக இந்த இடத்தில்தான். சிட் மெய்யரின் முதல் ‘சிவிலைசேஷன்’ வந்தது 1991இல். கி.மு. 4000இல் ஒரு குடியை அமர்த்தி, அதே பெயரோடு விண்கலம் வரை போவதுதான் ஆட்டம். பிப்ரவரி 2025இல் வந்த ஏழாம் பாகம் அந்த ஒற்றைக் கோட்டை மூன்று காலங்களாக வெட்டியது. தலைவர் வேறு, நாகரிகம் வேறு. தலைவர் கடைசிவரை வருவார், நாகரிகம் காலத்துக்குக் காலம் மாறும்.

பழைய கட்சிக்காரர்களின் கோபத்தை வெறும் பழமைவாதம் என்று தள்ள முடியாது. காலத்தை எதிர்த்து நிற்கும் நாகரிகத்தைக் கட்டு என்பதுதான் இந்தத் தொடர் கொடுத்த வாக்கு. அதை நம்பி முப்பது வருஷம் விளையாடியவர்களிடம், நிற்காது, மாற்றிக்கொள் என்றால் கடுப்பாகத்தான் செய்யும். போதாததற்கு வெளியானபோது இடைமுகம் அரைவேக்காடாக இருந்தது. வென்ற பிறகும் தொடர்ந்து ஆடும் ‘ஒன் மோர் டர்ன்’ வசதிகூட இல்லை.

புதிய கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. பழைய ஆட்டங்களில் பாதி வழியிலேயே யார் ஜெயிப்பார் என்று தெரிந்துவிடும். மிச்சம் வெறும் கிளிக். நானே எத்தனையோ ஆட்டங்களை அப்படி நடுவில் விட்டிருக்கிறேன். கி.மு. 4000இல் அமெரிக்கா ஊர் அமைப்பது மட்டும் ரொம்ப யதார்த்தமா என்றும் கேட்கிறார்கள். என் நண்பன் ஒருத்தன் இந்தக் கட்சி. “மச்சான், அஞ்சாம் பாகத்துக்கும் இப்படித்தான கத்துனீங்க?” என்றான்.

உண்மைதான். 2010இல் ஐந்தாம் பாகம் ஒரு கட்டத்துக்கு ஒரு படை என்றபோது, நான்காம் பாகத்தின் ஆட்கள் தொடரே செத்துவிட்டது என்றார்கள். 2016இல் ஆறாம் பாகத்தின் வண்ணங்களைப் பார்த்து, மொபைல் கேம் மாதிரி இருக்கு என்றார்கள். இன்று இரண்டும் பொற்காலம். ஆனால் இதிலிருந்து எல்லா மாற்றமும் காலப்போக்கில் இனிக்கும் என்ற முடிவுக்கு வரக்கூடாது. ஐந்தாம் பாகம் தானாகக் கனியவில்லை, 2012இலும் 2013இலும் வந்த இரண்டு விரிவாக்கங்கள்தான் அதைத் தேற்றின. மேலும் அப்போது மாறியது எப்படி விளையாடுகிறோம் என்பது. இப்போது மாறியிருப்பது யாராக விளையாடுகிறோம் என்பது.

அடுக்கடுக்காக வரலாறு என்கிறது ஏழாம் பாகம். நல்லது, என்ன அடுக்கு? அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரரை எல்லைக்கு அப்பாலுள்ளவர்களாகத்தான் குறிப்பிடுகிறது. தன் ஆட்சிக்கு வெளியே இருப்பதாக அவரே கல்லில் வெட்டிய நாட்டைத்தான் ஆட்டத்தில் அவர் ஆள்கிறார். சோழர் 1279 வாக்கில் முடிந்த பிறகு தமிழ்நாட்டில் வந்தவர்கள் பாண்டியர், விஜயநகரத்தார், நாயக்கர். ஆட்டத்தின் மௌரியர், சோழர், முகலாயர் என்ற ஏணி எந்த ஊரின் வரலாறும் இல்லை. இன்றைய இந்திய வரைபடத்தைப் பின்னோக்கி நீட்டி மூன்றாக மடித்தது. முன்பு கி.மு. 4000 முதல் காந்தியை உட்காரவைத்த அதே உறைக்குள், இப்போது மூன்று கடிதங்கள்.

என்னையும் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. சோழர் போனதும் ஏன் அவ்வளவு வலித்தது? 1025இல் கடாரம் வரை போன கப்பல்களைப் பின்னணி இசையோடு ரீல்ஸில் பார்த்து வளர்ந்த கூட்டம் நாம். முடிவே இல்லாத சோழர் நமக்கும் வேண்டித்தான் இருக்கிறது. பழைய ஆட்டம் அந்த ஆசைக்குத் தீனி போட்டது. புதியது அதைத் தட்டிப் பறிக்கிறது. பறித்ததில் எனக்கு இப்போது வருத்தமில்லை. பறித்த விதத்தில்தான் வழக்கு.

ஏனென்றால் இங்கே வீழ்ச்சி மணி அடித்து வருகிறது. எல்லா ஆட்டக்காரருக்கும் ஒரே நேரத்தில், நன்றாக ஆண்டவனுக்கும் கெட்டு ஆண்டவனுக்கும் ஒன்றாக. காலத்தின் கடைசியில் நெருக்கடி வரும், அதைச் சமாளித்தாலும் நாகரிகம் மாறித்தான் ஆகவேண்டும். என் பேராசையால், என் தவறால் சரிந்திருந்தால் அது கதை. இது பள்ளிக்கூட மணி.

சோழரின் வரலாற்றிலேயே இதைவிட நல்ல மாதிரி இருக்கிறது. சங்க காலத்தில் இருந்தார்கள், பிறகு சில நூற்றாண்டுகள் ஒதுங்கிக் கிடந்தார்கள், ஒன்பதாம் நூற்றாண்டில் விஜயாலயன் தஞ்சையைப் பிடித்ததும் மறுபடி வந்தார்கள். பெயர் அதே, நாடு வேறு. முறிவும் தொடர்ச்சியும் ஒன்றாகவே இருக்க முடியும். இரண்டு கட்சியும் இதில் ஒன்றைத்தான் கேட்கின்றன. 2025 இறுதியில், ஒரே நாகரிகத்தோடு கடைசிவரை ஆடும் வழியைச் சோதிக்கப்போவதாக ஃபிராக்சிஸ் அறிவித்தது. பழைய கட்சி வென்றதாகக் கொண்டாடுகிறார்கள். பெயரை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு மணியை அப்படியே விட்டால், எனக்கு அதில் கொண்டாட ஒன்றும் இல்லை.

முகலாயர் ஆட்டத்தை முடிக்காமல் விடத்தான் நினைத்தேன். வரைபடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தபோது கரையில் மணிக்கிராமமும் அஞ்சுவண்ணமும் அப்படியே நின்றன. காலம் மாறினாலும் அழியாத கட்டடங்கள் அவை, இன்னும் பொன் ஈட்டிக்கொண்டிருந்தன. சுமத்ராவின் பாருஸ் பக்கம் ஐந்நூற்றுவர் 1088இல் விட்டுப்போன தமிழ்க் கல்வெட்டு ஞாபகம் வந்தது. அரசர்கள் போன பிறகும் வணிகர்கள் வெட்டிய எழுத்து மிச்சம். அன்று இரவு ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் படுத்தேன்.