கடைசியா என்ன சொன்னான்?

டிரூ கில்பின் ஃபௌஸ்ட் எழுதிய ‘திஸ் ரிபப்ளிக் ஆஃப் சஃபரிங்’ (2008) புத்தகத்தை இரண்டாம் முறையாகப் படித்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) நடந்த சாவுகளின் வரலாறு. வழக்கமாகச் சொல்லும் கணக்கு 6,20,000 பேர். அன்றைய மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டு. பாதிக்கு மேல் நோயில் போனவர்கள்.

ஃபௌஸ்ட் தொடங்குவது ‘நன்மரணம்’ என்ற எண்ணத்திலிருந்து. நம்மூர்க் கத்தோலிக்க வீடுகளில் சூசையப்பரிடம் வேண்டிக்கொள்வார்களே, அதேதான். அன்றைய அமெரிக்கப் புராட்டஸ்டண்டுகளும் அதை நம்பினார்கள். வீட்டுக் கட்டிலில், சொந்தங்கள் சுற்றி நிற்க, ஆண்டவரிடம் தன்னை ஒப்புக்கொடுத்துச் சாகணும். அந்தக் கடைசி நேரத்தை வைத்துத்தான், போனவன் மோட்சத்தில் இருப்பான் என்று வீட்டார் மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

போர் அந்தக் கட்டிலைப் பறித்துவிட்டது. ஆகவே பக்கத்தில் இருந்த சிப்பாயோ நர்ஸோ கடிதம் எழுதினார்கள்: நினைவோடு இருந்தான், அம்மாவைக் கேட்டான், ஜெபம் பண்ணினான். கடிதத்துக்குக் கடிதம் இதே வரிசை. ஆளே அடையாளம் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களின் வீட்டுக்கு அதுவும் வரவில்லை. போருக்குப் பின் தேசியக் கல்லறைகளுக்கு மாற்றப்பட்ட வடபகுதி வீரர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குப் பெயர் கிடையாது.

இதுவரை புத்தகம் அருமை. நம்பிக்கையும் சந்தேகமும் பற்றிய அத்தியாயத்தில்தான் எனக்குக் குறை. சந்தேகத்தைக் காட்ட ஃபௌஸ்ட் கடைசியில் போய் நிற்பது அம்ப்ரோஸ் பியர்ஸ், எமிலி டிக்கின்சன், மெல்வில் ஆகியோரிடம். எழுதத் தெரிந்தவர்களின் சந்தேகம் பளிச்சென்று தெரியும், சரி. சாதாரணத் தாய் ‘கடவுள் உண்டா’ என்று கேட்கவில்லை. ‘என் பையன் கடைசியா என்ன சொன்னான்’ என்றுதான் கேட்டாள். சந்தேகம் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

ஃபௌஸ்டே பேசும் எலிசபெத் ஸ்டூவர்ட் ஃபெல்ப்ஸின் ‘தி கேட்ஸ் அஜார்’ (1868) நாவல் இதற்கு நல்ல சாட்சி. போரில் சகோதரனை இழந்த பெண்ணுக்குச் சபைப் பெரியவர்களின் ஆறுதல் ஒட்டவில்லை. சித்தி வந்து, பரலோகமும் நம்ம வீடு மாதிரிதான், அவனைத் திரும்பப் பார்ப்பாய் என்று சொல்லும்போதுதான் மூச்சு வருகிறது. புத்தகம் அமோகமாக விற்றது. அந்த வாசகர்கள் கடவுளைக் கைவிடவில்லை. சபை காட்டிய பரலோகம்தான் அவர்களுக்குப் போதவில்லை.

இன்னொன்றும் சொல்லணும். இந்தச் சோதனை எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் ஒன்றல்ல. அடிமைப்பட்டிருந்த கறுப்பினத்தவர் இந்தப் போரை யாத்திராகமமாகவே பார்த்தார்கள். தலைமுறைகளாகச் செய்த ஜெபத்துக்கு வந்த பதில். அதே சாவுகள் ஒரு வீட்டில் நம்பிக்கையை அசைத்தன, இன்னொரு வீட்டில் உறுதிப்படுத்தின. நம்பிக்கை பற்றிய அத்தியாயத்தின் நடுவில் இருந்திருக்க வேண்டிய விஷயம் இது. அங்கே அதற்குக் கிடைத்த இடம் போதாது.

இருந்தாலும் படியுங்கள். அந்தக் கடிதங்களுக்காகவாவது.