கொடிகாமத்தில் சுழலும் எங்கள் பொப்பிசைத் தட்டுகள்

ஈழத்துப் பொப்பிசைப் பாடகர் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பாட்டைக் கைபேசியில் மட்டும் கேட்டவர்கள் அதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று அடித்துச் சொல்லுவேன். இசைத்தட்டில் கேளுங்கோ! கொடிகாமத்தில் என் பெரியப்பா வீட்டு விறாந்தையில் அதைப் போட்டால், ஊசி இறங்கின கையோடு கிற்றார் பக்கத்தில் வந்து குந்திவிடும். பொங்கோவின் ஒவ்வொரு தட்டலும் தனித்தனியாகக் காதில் விழும். போர்த்துக்கேயர் காலத்து வேர் கொண்ட பைலாத் தாளம் ஆறு எண்ணிக்கையில் துள்ள, வயதானவர்களின் கால்களும் தாமாக ஆடத் தொடங்கும்.

உரும்பிராயில் பிறந்த நித்தி செய்தது பெரிய காரியம். சென்னையிலிருந்து வந்த சினிமாப் பாட்டில் ஊறிக் கிடந்த எங்கள் காதுகளுக்கு எங்கள் பேச்சையே பாட்டாக்கித் தந்தார். மாமியிடம் மகளை விசாரிக்கிற இளந்தாரி, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்ற புத்திமதி எல்லாம் எங்கள் ஒழுங்கைகளில் தினமும் காதில் விழுகிறவை. கொடிகாமம்–பருத்தித்துறை வீதியில் ஓடின தட்டிவான் என்ற பழைய வாகனத்தில் கடகங்களுக்கு நடுவே நெருக்கியடித்துப் போன சனம் கதைத்த தமிழ்தான் அது.

அடுத்தது, திருகோணமலை எம்.பி. பரமேஷின் ‘உனக்குத் தெரியுமா’. இலங்கையின் முதல் தமிழ்ப் பொப் இசைத்தட்டு என்று இசை ரசிகர்கள் கொண்டாடுவது இதைத்தான். துள்ளல் இல்லை, உருக்கம். பரமேஷின் குரல் உரத்து எழுவதே இல்லை. ஒரேயொரு ஆளுக்காகப் பாடுகிற மாதிரி இருக்கும். ராத்திரியில், வீடு அடங்கின பிறகு போட வேண்டிய தட்டு.

மூன்றாவது, ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’. சிங்களமும் தமிழும் ஒரே மெட்டில் கைகோத்து ஆடுகிற இந்தப் பாட்டு பாக்கு நீரிணையைத் தாண்டியது. 1977-இல் இளையராஜா இசையமைத்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்திலும் ஏறியது. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். ஆனால், இன்றைக்கும் எங்கள் கலியாண வீடுகளில் இந்தப் பாட்டைப் போட்டால் ஒருவரும் கதிரையில் இருக்கமாட்டார்கள்.

இந்தத் தட்டுகள் இங்கே கிடைப்பதே பெரும் பேறு. 1995 ஒக்ரோபர் முடிவில் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் உடுத்த துணியோடு, கொடிகாமம் இருக்கிற தென்மராட்சிக்கு நடந்தது. 2000-இல் தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. அரிசிப் பானைக்கே இடமில்லாத அந்த நடையில் இசைத்தட்டை யார் காவுவது? அதனால்தான் கீறல் விழுந்த தட்டு கிடைத்தாலும் நான் வாங்கிவிடுவேன். கரகரப்புக்குப் பின்னால் பாட்டு முழுசாக இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய தட்டு ஏதும் இருந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதையுங்கோ, வளைந்துவிடும். புத்தகம் போல நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கோ. மெல்லிய துணியால், பள்ளங்கள் சுற்றிப்போகிற வாக்கிலேயே தூசி துடையுங்கோ. சின்னத் தட்டு என்றால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 45 சுற்று. வேகத்தைப் பார்த்துப் போடுங்கோ. எந்தத் தட்டில் தொடங்குவது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்லுவேன்: ‘சின்ன மாமியே’. பிள்ளைகளையும் கூப்பிட்டு இருத்தி, சத்தத்தைக் கூட்டிவிடுங்கோ!